தட்டினால் அறுந்துபோகும் இணைப்பு

ஜனவரி 6

கீழ்வீட்டுப் பெரியவளுக்கு,

மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். மனம் இளகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு காரியம் ஆகவேண்டும், அதைச் செய்ய அந்த வீட்டில் உன்னைத் தவிர ஆள் இல்லை. போனில் செய்தி அனுப்பலாம் என்றால் என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய். தடுக்கக் கற்றுக்கொண்டவள் அதை எடுத்துவிடக் கற்றுக்கொண்டிருக்க மாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே காகிதம்.

நான் மகள் வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. எட்டாவது மாடி. ஜன்னலில் துணி காயப்போடவே குடியிருப்போர் சங்கத்தைக் கேட்க வேண்டும்; ஏரியல் கட்டுவது நடக்காத காரியம். அதனால் நம் மாடியில் நான் ஊர் ஊராகப் பேச வைத்திருக்கும் ஹாம் ரேடியோவை இங்கே உட்கார்ந்தபடியே இயக்க எல்லாம் தயார் செய்துவிட்டுத்தான் கிளம்பினேன். ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதிலிருந்து ஒரு கேபிள் உன் கூடத்தில் இருக்கும் ரவுட்டருக்கு. அங்கிருந்து இணையம் வழியாக என் கைக்கு. நான்கு மாதம் ஒழுங்காக ஓடியது. மூன்று வாரமாகச் செத்துக்கிடக்கிறது.

மாடிக்குப் போ. சாவி மீட்டர் பெட்டிக்குள் தொங்குகிறது. கம்ப்யூட்டரின் பின்னால் கேபிள் செருகிய இடத்தில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார். திரையைத் தொட்டால் வலது மூலையில் நான்கு எண்கள் தெரியும், இடையிடையே புள்ளியோடு. அவற்றை எழுதி அனுப்பு. அச்சகத்தில் முப்பது வருடம் மெய்ப்புத் திருத்தியவளுக்கு நான்கு எண்களைப் பார்த்து எழுத வரும் என்று நம்புகிறேன். வேறு எதையும் தொடாதே. புரிந்துகொள்ளவும் முயற்ச்சி செய்யாதே.

மாடிவீடு


ஜனவரி 11

மாடிவீட்டுக்காரிக்கு,

'முயற்ச்சி' இல்லை, 'முயற்சி'. 'ற்' வந்த பிறகு அங்கே 'ச்' நிற்காது என்று நம் இருவருக்கும் ஒரே வாத்தியார்தான் சொல்லிக்கொடுத்தார். நான் கேட்டேன், நீ ஜன்னல் வழியாகத் தந்திக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மொத்தம் ஒன்பது பிழை. சிவப்பு மையில் சுழித்து, உன் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மாடிக்குப் போனேன். உனக்காக இல்லை, அந்த ஜன்னல் ஒரு வாரமாகக் காற்றில் அடித்துக்கொண்டு என் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஒரு மனுஷி வாழ்ந்த அறை மாதிரியா இருக்கிறது? மேசைமேல் காபி டம்ளர், அடியில் காய்ந்த வட்டம். நாற்காலியின் ஒரு காலுக்குக் கீழே மடித்து வைத்த காலண்டர். சுவரில் உலகப்படம், அதில் நூற்றுக்கணக்கான குண்டூசி. கீழ்வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்பதற்கு மட்டும் ஒரு ஊசி இல்லை.

பச்சை விளக்கு எரிகிறது. எண்கள்: 192, 168, 1, 17. ஆனால் உன் கையால் எழுதிக் கம்ப்யூட்டர்மேல் ஒட்டிய சீட்டில் கடைசி எண் 40 என்று இருக்கிறது. இரண்டில் எது பிழை என்று நீயே சொல். மூன்று வாரம் முன்பு இடி விழுந்து கூடத்து ரவுட்டர் கருகிவிட்டது. கேபிள்காரன் புதிது மாட்டினான். உன்னிடம் சொல்லியிருக்கலாம்தான். சொல்லும் அளவுக்கு நமக்குள் என்ன இருக்கிறது?

ஆணியில் தொங்கும் அந்த ஹெட்போனையும் பார்த்தேன். அம்மாவுக்கு மூச்சு வாங்கியபோது மாடிப்படியில் நின்று மூன்று முறை கூப்பிட்டேன். நீ அதை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத எவனிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாய். இறங்கி வந்தபோது அவள் போய்விட்டாள். இந்த அறையைப் பூட்டியே வைத்திருந்ததற்குக் காரணம் தூசு இல்லை.

மறந்துவிட்டேன். உன் கடிதம் வந்த பிறகு உன் மகள் வீட்டுக்கு நான்கு முறை போன் செய்தேன். நான்கு முறையும் "அம்மா தூங்குறாங்க பெரியம்மா" என்கிறாள். காலை பத்து மணிக்கும் தூக்கம், சாயங்காலம் ஐந்துக்கும் தூக்கம். என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் அதை உன் வாயாலேயே சொல். பெற்ற பெண்ணை விட்டுப் பொய் சொல்ல வைக்காதே.

கீழ்வீடு


ஜனவரி 19

கீழ்வீட்டுக்கு,

சிவப்பு மை கிடைத்தது. ஓய்வு பெற்றும் உன் வியாதி போகவில்லை.

பிழை இரண்டு எண்ணிலும் இல்லை. ரவுட்டர் என்பது லாட்ஜ் குமாஸ்தா மாதிரி. வருகிற ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அறை எண் கொடுக்கும். பழைய குமாஸ்தாவிடம் என் கம்ப்யூட்டருக்கு எப்போதும் நாற்பதுதான் என்று சொல்லி வைத்திருந்தேன். புது குமாஸ்தா கைக்கு வந்த பதினேழைக் கொடுத்துவிட்டான். நான் இங்கே ஆளில்லாத நாற்பதாம் அறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். மகளை விட்டுக் கேபிள்காரனிடம் பேச வைத்தேன். அவன் வந்து நாற்பதை ஒதுக்கிவிட்டுப் போனானாம். நீ அவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையாம்.

இப்போது எல்லாம் கேட்கிறது. தெளிவாகவே கேட்கிறது. ஆனால் நான் பதில் அனுப்ப விசையைத் தட்டும் அந்த நொடியில் இணைப்பு அறுந்துபோகிறது. கையை எடுத்தால் அரை நிமிடத்தில் திரும்ப வருகிறது. தட்டினால் போகிறது, விட்டால் வருகிறது. ஆறு நாளாக இதே கதை. இருபத்தெட்டு வருடம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்திருக்கிறேன். இவ்வளவு சரியாக நேரம் பார்த்து வரும் கோளாறை நான் கண்டதில்லை. இது கம்பியின் வேலை இல்லை. கூடத்தில் ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு கை இருக்கிறது. மாடியில் சத்தம் கேட்டதும் அந்தக் கை சுவிட்சைத் தட்டுகிறது. அது யார் கை என்று நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா? ஏரியல் கட்டிய நாளிலிருந்தே உனக்கு அது கண்ணில் விழுந்த துரும்புதானே.

அம்மா விஷயத்தில் மூன்று வருடமாக ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாய். ஹெட்போனில் வெளிச்சத்தம் கேட்காது. அதற்குத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். நான் கேட்கவில்லை. போதுமா?

மாடிவீடு


ஜனவரி 26

களவாணி என்று என்னைச் சொன்னவளுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே கூடத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பிறகு ஐந்து நாள், நீ வழக்கமாக ரேடியோவில் உட்காரும் காலை ஆறரை மணிக்கு, அச்சக டைரியும் பென்சிலுமாக உன் அறையில் உட்கார்ந்தேன். பொய் சொல்பவளுக்குப் பதில் சொல்ல ஆதாரம் வேண்டும் இல்லையா?

நான் கண்டது இது. நீ அங்கே தட்டினால் இங்கே ரேடியோவில் முள் ஏறுகிறது; முள் ஏறிய அதே நொடியில் கம்ப்யூட்டரின் பச்சை விளக்கு அணைகிறது. ஐந்து நாளில் முப்பத்தொரு முறை முள் ஏறியது. இருபத்தாறு முறை விளக்கு அணைந்தது. அணையாத ஐந்தும் வியாழக்கிழமை ஒரே நாளில். அன்றைக்கு மட்டும் திரையில் 'சக்தி' என்ற இடத்தில் பத்து என்று இருந்தது. மற்ற நாட்களில் நூறு. கூடம் ஐந்து நாளும் பூட்டியே இருந்தது. ஆக, அந்தக் கை உன் ரேடியோவுக்கு உள்ளேயேதான் இருக்கிறது. ஏன் என்று கண்டுபிடிப்பது இருபத்தெட்டு வருடத்துக்காரியின் வேலை. வேண்டுமானால் இன்னொன்றும் எழுதுகிறேன்: ஏரியலிலிருந்து வரும் ஒயரையும் கூடத்துக்குப் போகும் கேபிளையும் உன் ஒயர்மேன் ஒன்றாகச் சேர்த்துப் பதினாறு இடத்தில் வார் போட்டு இறுக்கி, சுவரோரம் பின்னல் மாதிரி இறக்கியிருக்கிறான். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை நடந்ததையும் கேள். பென்சில் சீவக் கீழே இறங்கினேன். திரும்பி வந்தால் தூசு கருகும் வாடை. முள் ஏறியது இறங்கவில்லை, சிவப்பு விளக்கு அப்படியே எரிகிறது, ரேடியோவின் முதுகு இஸ்திரிப் பெட்டிபோல் கொதிக்கிறது. நீ தட்டிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்து, கையை எடுத்த செய்தி அதற்கு வந்து சேரவில்லை போலிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கினேன். இரண்டு விரலில் கொப்புளம். உன் பொழுதுபோக்குக்கு என் வீட்டைக் கொளுத்துவாயா?

இப்போது ஒரு கேள்வி. முன்பெல்லாம் தரை வழியாக உன் குரல் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். "வணக்கம், வணக்கம், இங்கே மழை" என்று காலையிலேயே கத்துவாய். வீட்டில் உனக்குச் சில்வண்டு என்று பேர் வைத்தது சும்மா இல்லை. இந்த ஐந்து நாளில் ஒரு பேச்சுகூட இல்லை. வெறும் தந்திச் சத்தம், டிக் டிக்கென்று. என்னிடம்தான் போனில் பேசமாட்டாய். இப்போது ஊராரிடமும் பேசமாட்டாயா? அவ்வளவு பெரிய ஆளாகிவிட்டாயா? ஞாயிற்றுக்கிழமைக்குள் நீயே போனில் வந்து என்னோடு பேசு. இல்லாவிட்டால் பிளக் பிடுங்கினது பிடுங்கினபடியே கிடக்கும்.

கீழ்வீடு


ஜனவரி 31

அக்கா,

ஞாயிற்றுக்கிழமைக்குள் பேச முடியாது. எந்தக் கிழமைக்குள்ளும் முடியாது. செப்டம்பரில் தொண்டையில் கட்டி என்றார்கள். அக்டோபரில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, மூச்சு அதன் வழியாகத்தான். குரல் இல்லை. தூக்கம் என்று சொல்லச் சொன்னது நான்தான், அவள்மேல் கோபப்படாதே.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். "பேசிப் பேசித் தேய்ந்துபோச்சு" என்று சொல்வாய் என்று நினைத்தேன். அதைவிட மோசமாக, ஒன்றுமே சொல்லாமல் பழம் வாங்கிக்கொண்டு வந்து நிற்பாய் என்றும் நினைத்தேன். இரண்டையும் தாங்க எனக்குத் தெம்பில்லை.

இங்கே கையில் ஒரு பலகை வைத்திருக்கிறேன். எழுதிக் காட்டுகிறேன். நான் எழுதி முடிக்கும் வரை எல்லோரும் புன்னகையோடு காத்திருக்கிறார்கள். மருமகன் பாதியிலேயே தலையாட்டிவிடுகிறார். கடைக்காரன் என்னிடம் கேட்காமல் மகளிடம், "அவங்களுக்கு என்ன வேணுமாம்?" என்கிறான். காது போனவள் என்று நினைத்துச் சிலர் சத்தமாகப் பேசுகிறார்கள். காலை ஆறரை மணிக்கு மட்டும் ரேடியோவில் பதினோரு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது. "தந்தி பழகப்போகிறேன், இனி எல்லாம் விசைதான்" என்று சொல்லிவைத்தேன். அங்கே எனக்காக யாரும் காத்திருப்பதில்லை. குறுக்கே வெட்டுகிறார்கள், என் தப்பைப் பிடித்துச் சிரிக்கிறார்கள். அந்த அரை மணி நேரம் நான் நோயாளி இல்லை. பொழுதுபோக்கு என்று எழுதினாயே, அதற்காகச் சொன்னேன்.

வேலையைப் பார்ப்போம். நீ கண்டுபிடித்தது சரி. சுவிட்சை அணைத்தாய் என்று எழுதியது தப்பு. அந்தப் பின்னல்தான் காரணம். நூறு வாட்டில் அனுப்பும்போது ஏரியல் ஒயரிலிருந்து கசிவது, ஒட்டிக்கிடக்கும் கேபிளுக்குள் புகுந்து புது ரவுட்டரைத் திணறடிக்கிறது; பழையது அதைத் தாங்கிக்கொண்டது. வாரையெல்லாம் வெட்டி இரண்டையும் ஒரு முழத்துக்காவது விலக்க வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் ஃபெரைட் என்று கேட்டால் கருப்பு வளையம் தருவான். கேபிளை அதற்குள் ஏழெட்டுச் சுற்று விட்டு, கம்ப்யூட்டர் பக்கம் ஒன்று, ரவுட்டர் பக்கம் ஒன்று வை. கசிவு அதில் நின்றுவிடும். செய்ய மனமில்லை என்றால் விட்டுவிடு.

இன்னொன்று. போன கடிதத்தில் பொய் எழுதினேன். அன்றைக்கு நீ கூப்பிட்டது கேட்டது. முதல் முறை கூப்பிட்டபோதே கேட்டது. சாப்பிடக் கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன். ஒரு படகு இன்ஜின் நின்று நடுக்கடலில் கிடந்தது, அதன் செய்தியைக் கரைக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். 'ஒரு நிமிஷம்' என்று கையைக் காட்டினேன், யாருமே பார்க்காத அறையில். பிறகு சத்தத்தைக் கூட்டிக்கொண்டேன். அதன் பிறகுதான் எதுவும் கேட்கவில்லை.


பிப்ரவரி 6

சில்வண்டுக்கு,

நான் அழவில்லை. உன் மகளுக்குப் போன் போட்டுக் கால் மணி நேரம் கத்தினேன். "பெரியம்மா, அம்மா பக்கத்துலதான் இருக்காங்க" என்றாள். போனை உன் காதில் வைக்கச் சொல்லி உன்னிடமும் கத்தினேன். நான்கு மாதமாகத் தொண்டையை அறுத்துக்கொண்டு படுத்திருந்தவள், லாட்ஜ் குமாஸ்தா கதை எழுதுகிறாள் எனக்கு. கடைசியில் நகத்தால் என்னவோ தட்டினாய். டைரியில் குறித்து வைத்திருக்கிறேன், ஒன்றும் விளங்கவில்லை. என்ன தட்டினாய் என்று எழுது.

பழம் வாங்கிக்கொண்டு வருவேனா? உனக்கு நான் ஏன் பழம் வாங்க வேண்டும்? கொய்யாவில் காய்த்ததை மூன்று வருடமும் பக்கத்து வீட்டுக்குத்தான் கொடுத்தேன், நீ தின்னக்கூடாது என்று.

கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்தவன் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, "டார்ச் பேட்டரியா பாட்டி?" என்றான். "கேபிள்ல ரேடியோ அலை ஏறுது, ஃபெரைட் வளையம் ரெண்டு குடு. உள்விட்டம் ஒரு அங்குலத்துக்குக் குறையக் கூடாது" என்றேன். எடுத்துக் கொடுக்கும் வரை வேறு பேச்சு பேசவில்லை அவன். பதினாறு வாரையும் தையல் கத்தரியால் வெட்டினேன். கேபிளைக் கதவு நிலைக்கு மேலே திருப்பிவிட்டு, இரண்டு வளையத்திலும் எட்டெட்டுச் சுற்று சுற்றினேன். உன் ஒயர்மேன் கட்டியதைவிட அசிங்கமாக இருக்கிறது. வேலை செய்யும்.

ரேடியோவோடு வந்த கையேட்டையும் படித்தேன், நூற்று நாற்பது பக்கம். நாற்பத்தொரு பிழை. தொண்ணூற்றிரண்டாம் பக்கத்தில், மூன்று நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து அனுப்பினால் தானாக நின்றுவிட ஓர் ஏற்பாடு இருப்பதாகப் போட்டிருக்கிறார்கள். எத்தனையோ வருடமாக வைத்திருக்கிறாய், அந்தப் பக்கத்தை நீ திறந்ததே இல்லை, தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அதையும் போட்டுவிட்டேன். பிளக்கைச் செருகியாயிற்று. இனி வீடு எரியாது.

அம்மா விஷயம். நீ எழுதியதை நான்கு முறை படித்தேன், பிழை பார்க்க இல்லை. என் பங்குக்கு நானும் ஒன்று சொல்லியாக வேண்டும். அன்றைக்கு உன்னை அலறிக் கூப்பிட்டதாகத்தான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். அலறவில்லை. சாப்பிடக் கூப்பிடும் அதே குரலில்தான் கூப்பிட்டேன். அவள் போகப்போகிறாள் என்று எனக்கே தெரியாது. மூன்றாவது தடவை கூப்பிட்டுவிட்டு, வராவிட்டால் போ என்று முனகிக்கொண்டு திரும்பினேன். திரும்பிப் பார்த்தால் முடிந்துவிட்டிருந்தது. நீ முதல் குரலுக்கே ஓடி வந்திருந்தாலும் அவளை யாரும் நிறுத்தியிருக்க முடியாது. இது அன்றைக்கே எனக்குத் தெரியும். கோபித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது.

பெரியவள்


பிப்ரவரி 13

அக்கா,

நூறு வாட்டில் அரை மணி நேரம். ஒரு முறைகூட இணைப்பு அறுந்துபோகவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன், உன்னைப் புகழ்ந்துவிட்டு மறுநாள் கெட்டுப்போனால் எனக்கு அவமானம். எட்டுச் சுற்று தேவையில்லை, ஏழே போதும். பரவாயில்லை.

பதினோரு பேரும் இருந்தார்கள். வானிலைக் கூடத்தைத் தனியாகக் காவல் காக்கும் தீவுக்காரர்தான் முதலில் பிடித்தார். நான் பெயர் சொல்லும் முன்பே, தட்டுகிற விதத்தை வைத்தே என்னைக் கண்டுகொண்டார். இரண்டு மாதம் எங்கே ஊர் சுற்றப் போனாய் என்று திட்டினார். பதிலுக்கு நானும் திட்டினேன். மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நீங்க சிரிக்கிறீங்க" என்றாள்.

போனில் தட்டியது என்ன என்று கேட்டாய். 'மெல்லப் பேசு, காது வலிக்கிறது.' அவ்வளவுதான்.

டாக்டர் இனி மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்தால் போதும் என்கிறார். எனக்கு இந்த எட்டாவது மாடி போதும். இருபத்துநான்காம் தேதி மகள் பேருந்தில் ஏற்றிவிடுவாள். அங்கே சாயங்காலம் நாலரைக்கு வந்து சேரும். ஒன்று கேட்டுக்கொள்கிறேன், இதையாவது செய். பேருந்து நிலையத்துக்கு வராதே. நீ வந்தால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஏதாவது கேட்பாய். நான் கழுத்தில் துணியோடு பதில் சொல்ல முடியாமல் நிற்பேன். நம் தெருக்காரர்கள் நாலு பேராவது அந்த நேரத்தில் அங்கே இருப்பார்கள். முதல் நாளே அவர்கள் முகத்தில் அந்தப் பரிதாபத்தைப் பார்க்க என்னால் முடியாது. நானே வண்டி பிடித்து வந்துவிடுவேன்.


பிப்ரவரி 18

அடியே,

நாலேகாலுக்கே அங்கே இருப்பேன். எனக்கு உத்தரவு போடும் வயது உனக்கு இன்னும் வரவில்லை.

பேசமாட்டேன். ஒரு வார்த்தைகூடக் கேட்கமாட்டேன். உன் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடப்பேன், நீ பின்னால் வா. தெருமுனைக் கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்ப்பார்கள். அக்காவும் தங்கையும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஒரு பேச்சும் இல்லாமல் போகிறார்கள், மூன்று வருடமாகியும் இவர்கள் சண்டை தீரவில்லை என்று பேசிக்கொள்வார்கள். அந்தத் தெருவின் புத்திக்கு அதற்குமேல் எட்டாது.

அப்படியே நினைத்துவிட்டுப் போகட்டும். கதவைச் சாத்தின பிறகு நான் பேசிக்கொள்கிறேன்.

அக்கா